நெகிழ்பட்டையும் திருத்தப் பயிற்சியும்: வட சிலாங்கூர்த் தோட்டத் தோள்களை முன்வைத்து

மலேசியாவில் செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்ட முதலாளி. மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. இரப்பரும் தென்னையும் ஆண்ட அந்த மண்ணில் செம்பனை பின்னர் படிப்படியாக இடம்பிடித்தது. இன்று, நெடுங்காலம் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வடக்கே சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வரை நெல்வயலும் தென்னந்தோப்பும் விட்ட இடமெல்லாம் பெரும்பாலும் செம்பனைதான். பயிர் மாறியபோது தொழிலாளியின் கருவி மாறியது. கருவி மாறியபோது அவர் நிற்கும் விதமும் குனியும் விதமும் மாறின. கழுத்து, தோள், மேல்முதுகு ஆகியவற்றின் கோணலைச் சீர்செய்ய ஒட்டும் நெகிழ்பட்டையையும் திருத்தப் பயிற்சியையும் இணைத்துப் பயன்படுத்தும் இன்றைய முறை இத்தகைய உழைப்பாளிக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. இக்கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. அம்முறையைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களையும் கணினிமுன் அமர்பவர்களையும் வைத்தே நடந்துள்ளன.

இரப்பர்க் காலத்து உழைப்பு முன்னோக்கிக் குனியும் உழைப்பாக இருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நிரையில் நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, தாழ்ந்த வெட்டுப்பட்டைக்கு இடுப்பை வளைத்து உளியை இழுத்து, பின்னர் பாலைக் காண்டா வாளியில் தோள்மேல் சுமந்து சென்றவர்களின் மேல்முதுகு வளைந்து தோள்கள் முன்னால் உருண்டதில் வியப்பில்லை. செம்பனை வெட்டு இதற்கு நேர்மாறாகத் தோன்றுவது. மரம் இளமையாக இருக்கும் வரை தொழிலாளி நீண்ட பிடியுள்ள உளியால் குலைக்காம்பைக் குத்தித் தள்ளுகிறார். மரம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பின் அலுமினியக் கம்பத்தின் முனையில் பூட்டிய அரிவாளுக்கு மாறுகிறார். மரத்தடியிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, தலையைப் பின்னுக்கு முழுவதும் சாய்த்து, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, ஆடும் கம்பத்தின் முனையை மட்டைக்கும் குலைக்கும் இடையிலுள்ள இடுக்கில் நுழைத்து, காம்பில் அரிவாள் பற்றியவுடன் உடல் எடையையும் சேர்த்துக் கீழே இழுக்கிறார். முதலில் மட்டை விழும். அதன் பின் குலை விழும். விழும் திசையிலிருந்து அந்தக் கணத்தில் விலகவும் வேண்டும். பத்து முதல் இருபத்தைந்து கிலோ எடையுள்ள அந்தக் குலையைக் குத்தூசியால் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றுவதும், சிதறிய உதிரிப் பழங்களைத் தரையோடு தரையாகக் குனிந்து பொறுக்குவதும் அடுத்த வேலை. ஒரே மணி நேரத்திற்குள் கழுத்து முழுமையாகப் பின்வளைவதும் முதுகு முழுமையாக முன்வளைவதும் பலமுறை மாறி மாறி நிகழ்கின்றன. பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை அதே மரத்திற்குச் சுற்று திரும்பி வருகிறது. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இண்டஸ்ட்ரியல் ஹெல்த் என்னும் இதழில் வெளியிட்ட ஆய்வு, குலை வெட்டுவோரில் மிகப் பெரும்பாலோர் தசை எலும்பு உபாதைகளைத் தெரிவித்ததையும், அவற்றுக்கும் உழைப்புத் திறன் இழப்புக்கும் உள்ள தொடர்பையும் பதிவு செய்தது.

மேலுடல் தோரணைக் கோளாறுகளை விளக்க இன்றும் பெரிதும் கையாளப்படும் சட்டகத்தைத் தந்தவர் செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யான்டா. 1928-இல் பிறந்து 2002-இல் மறைந்த அவர் இளமையிலேயே போலியோவால் தாக்கப்பட்டவர். தசைகள் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் விதத்தைப் பற்றிய அவரது கூர்மைக்கு அந்த அனுபவமும் உரமாயிருக்க வேண்டும். தொடர்ந்த சுமைக்கும் செயலின்மைக்கும் எல்லாத் தசைகளும் ஒரே விதமாக எதிர்வினை காட்டுவதில்லை, சில இறுகிக் குறுகுகின்றன, சில தளர்ந்து வலுவிழக்கின்றன என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. மேலுடலில் பிடரியிலிருந்து தோள்முனை வரை விரியும் டிரபீசியஸ் தசையின் மேற்பகுதியும், கழுத்தெலும்பிலிருந்து தோள்பட்டை எலும்பைத் தூக்கிப் பிடிக்கும் தசையும், நெஞ்சுத் தசைகளும் இறுகும் கூட்டத்தைச் சேர்ந்தவை. கழுத்தின் முன்புறத்தில் ஆழத்தில் அமைந்து முகவாயை உள்ளிழுக்கும் சிறு தசைகளும், டிரபீசியஸின் கீழ்ப்பகுதியும், விலா எலும்புகளோடு தோள்பட்டையை ஒட்டவைக்கும் பக்கவாட்டுத் தசையும் தளரும் கூட்டம். பக்கவாட்டில் நின்று பார்க்கையில் இறுகிய தசைகளை இணைக்கும் கோடும் தளர்ந்த தசைகளை இணைக்கும் கோடும் தோள் மட்டத்தில் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டுவதால் யான்டா இதை மேற்குறுக்கு நோய்க்குறித் தொகுப்பு என்று வழங்கினார். தலை முன்னே நீண்டு, தோள்கள் உருண்டு, தோள்பட்டை எலும்புகள் முதுகிலிருந்து சிறகுபோல் விலகி நிற்பது அதன் வெளித்தோற்றம்.

குனிந்து பார்ப்பவருக்கு வரும் கோளாறு அண்ணாந்து பார்ப்பவருக்கும் எப்படி வரும் என்ற ஐயம் இங்கு எழுவது இயல்பு. தலை முன்னே நீண்டவரின் கழுத்தைக் கவனித்தால், கீழ்க்கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தாலும், பார்வையை நேராக வைத்துக்கொள்ளும் பொருட்டு மண்டையோட்டுக்கு அடியிலுள்ள மேற்கழுத்து பின்னோக்கி மடங்கியிருப்பது தெரியும். அண்ணாந்து பார்க்கும் செயலை ஆரோக்கியமான உடலில் கழுத்து மட்டும் செய்வதில்லை, மேல்முதுகும் சேர்ந்து பின்வளைந்து வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. குனிந்து பொறுக்கியும் சுமந்தும் இறுகிப்போன மேல்முதுகு அந்தப் பங்கைத் தர மறுக்கும்போது, முழு வளைவும் மேற்கழுத்தின் இரண்டு மூன்று மூட்டுகளின் மேல் விழுகிறது. ஆகவே குலை வெட்டுபவரும் கணினி எழுத்தரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில், பிடரிக்கு அடியில், வலி கொள்கிறார்கள். ஆனால் மருந்து ஒன்றாக இருக்க முடியாது. எழுத்தருக்குக் கழுத்தைச் சீர்செய்தால் பெரும்பாலும் போதும். வெட்டுத் தொழிலாளிக்கு மேல்முதுகைத் திறக்காமல் கழுத்தில் செய்யும் எதுவும் அடுத்த சுற்றில் கரைந்துவிடும்.

கோளாறு இருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிப்பது நம்பத்தக்கதன்று. ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படும் அளவு ஒன்று உண்டு. குனியும்போது பிடரியின் அடியில் துருத்தித் தெரியும் ஏழாவது கழுத்தெலும்பிலிருந்து காதுத் துளையின் முன்னுள்ள சிறு குருத்தெலும்புக்கு ஒரு கோடு வரைந்து, அது கிடைமட்டக் கோட்டோடு அமைக்கும் கோணத்தைப் பக்கவாட்டுப் புகைப்படத்தில் அளக்கிறார்கள். அக்கோணம் ஏறத்தாழ 50 பாகைக்குக் கீழ் இறங்கினால் தலை முன்னே நீண்டுள்ளதாகக் கொள்வது வழக்கம். புகைப்படக் கருவியும் மென்பொருளும் இல்லாத தோட்ட மருந்தகத்தில் இதைவிட எளிய சோதனைகள் போதும். குதிகாலும் பிட்டமும் முதுகும் சுவரில் பட நிற்பவரின் பின்தலை சுவரைத் தொடாமல் எத்தனை விரற்கடை விலகி நிற்கிறது என்று பார்ப்பது ஒன்று. மல்லாந்து படுத்தவரின் தோள்முனையின் பின்விளிம்பு பலகையிலிருந்து 2.5 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறதா என்று அளவுகோலால் அளப்பது மற்றொன்று. பழைய தோட்ட டிரசர்கள் காயத்துக்கு மருந்திட்டு ஊசி போட்ட அதே மேசைமேல் இச்சோதனையை ஐந்தே நிமிடத்தில் செய்துவிடலாம்.

நெகிழ்பட்டை என்பது பருத்தித் துணியோடு மீள்தன்மையுள்ள இழைகளைச் சேர்த்து நெய்து, அடியில் அக்ரிலிக் பசையை அலையலையாகத் தடவிய ஒட்டுப்பட்டை. 1970களில் கென்சோ காசே என்னும் ஜப்பானியக் கைரோபிராக்டிக் மருத்துவர் உருவாக்கிய இது கினீசியோ டேப் என்ற பெயரில் பரவி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் வண்ண வண்ணமாகத் தெரிந்த பின் உலகப் புகழ் பெற்றது. மூட்டை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பழைய விறைப்புப் பட்டையிலிருந்து இது அடிப்படையிலேயே வேறானது. தோலளவு தடிமனும், நீளவாக்கில் மட்டும் நீளும் தன்மையும், குளித்தாலும் சில நாள் ஒட்டியிருக்கும் பசையும் கொண்ட இது அசைவைத் தடுப்பதில்லை. தோலை நுண்ணளவில் தூக்கி அடியிலுள்ள இரத்த, நிணநீர் ஓட்டத்தைப் பெருக்குகிறது, ஒட்டும் திசைக்கேற்பத் தசையைத் தூண்டவோ தளர்த்தவோ செய்கிறது என்பவை இதை விற்பவர்களின் கூற்றுகள்.

அவற்றில் பெரும்பாலானவை சோதனையில் நிற்கவில்லை. 2014-இல் ஜர்னல் ஆப் பிசியோதெரபி இதழில் வெளிவந்த முறைசார் மீளாய்வு, 495 பேர் பங்கேற்ற 12 சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளைத் தொகுத்து, இப்பட்டையை மருத்துவப் பயன்பாட்டில் ஆதரிக்கச் சான்று போதாது என்று முடித்தது. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வின் வடிவம் இன்னும் தந்திரமானது: ஒட்டப்படுவது அளவிடும் உணரி என்று நம்பவைக்கப்பட்ட, பட்டையைப் பற்றி எதுவும் அறியாத பங்கேற்பாளர்களிடம் தசைவலுவில் எந்த மாற்றமும் தெரியவில்லை; நம்பிக்கை நீங்கியதும் வலுவூட்டலும் நீங்கிவிட்டது. எனினும் முழுவதும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. தோள்வலியுள்ள 42 கல்லூரி மாணவர்களிடம் 2008-இல் நடந்த இரட்டை மறைப்பு ஆய்வில், உண்மையான முறையில் ஒட்டப்பட்டவர்கள் வலியின்றிக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும் அளவு அன்றைக்கே கூடியது. சில நாளில் அந்த வேறுபாடு மறைந்தது. 2009-இல் தோள் மூட்டில் நசுக்கல் கோளாறுள்ள 17 பேஸ்பால் ஆட்டக்காரர்களிடம், உயர்த்திய கையை இறக்கும்போது டிரபீசியஸின் கீழ்ப்பகுதி கூடுதலாகச் செயல்பட்டது மின்பதிவில் தெரிந்தது. பட்டையின் விளைவு உடனடியானது, சிறியது, தற்காலிகமானது என்று இவற்றைச் சேர்த்து வாசிக்கலாம். ஒரு மருந்துக்கு இது மோசமான சான்றிதழ். வேறொரு சிகிச்சைக்குத் துணை நிற்கும் பொருளுக்கு அவ்வளவு மோசமானதன்று.

பயிற்சியின் பக்கம் சான்றுகள் உறுதியானவை. தெஹ்ரான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் சயண்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், மேற்குறுக்குத் தொகுப்புள்ள 24 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு 8 வாரம் அளித்த முழுமையான திருத்தப் பயிற்சி தலை, தோள், மேல்முதுகு ஆகியவற்றின் கோணங்களையும் தசைச் செயல்பாட்டையும் மேம்படுத்தியது. பயிற்சியை நிறுத்தி 4 வாரம் கழித்தும் அம்முன்னேற்றம் பெரும்பாலும் நிலைத்தது. பட்டை தராத ஒன்று, நிலைப்பு, இங்கே கிடைக்கிறது. எந்தப் பயிற்சி என்பதிலும் தெளிவு உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆன் கூல்ஸ் குழுவினர் 2007-இல் பல பயிற்சிகளை மின்பதிவால் ஒப்பிட்டு, இறுகிய மேல் டிரபீசியஸை அதிகம் கிளறாமல் தளர்ந்த நடு, கீழ்ப்பகுதிகளை எழுப்பும் நான்கைத் தேர்ந்தனர். நான்கும் படுத்த நிலையில் செய்பவை: ஒருக்களித்துப் படுத்துக் கையை முன்னால் உயர்த்துவது, அதே நிலையில் முழங்கையை மடக்கி வெளிப்புறம் சுழற்றுவது, குப்புறப் படுத்துக் கையைப் பின்னுக்கு நீட்டுவது, குப்புறப் படுத்தே கட்டைவிரல் மேல்நோக்கக் கைகளைப் பக்கவாட்டில் தூக்குவது. தோள் கோணலுக்கு எடையைத் தூக்கித் தோளைக் குலுக்கும் பயிற்சியைப் பரிந்துரைப்பது உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் காணப்படும் வழக்கம். அது ஏற்கெனவே இறுகியதையே மேலும் இறுக்கும்.

வலியைக் குறைக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதற்கு டென்மார்க்கின் லார்ஸ் ஆண்டர்சன் குழுவினர் 2011-இல் பெயின் இதழில் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டும் விடை தந்தது. கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் 198 அலுவலகப் பணியாளர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 2 நிமிடமும், மற்றொரு பிரிவினருக்கு 12 நிமிடமும் வாரம் ஐந்து நாள் என 10 வாரம் இரப்பர்க் குழாயை இழுக்கும் வலுப்பயிற்சி அளித்தபோது, இரு பிரிவினருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. தினக் கூலியைக் குலைக் கணக்கில் ஈட்டும் ஒருவரிடம் முக்கால் மணிநேரப் பயிற்சி அட்டவணையை நீட்டுவதை விட இந்த இரண்டு நிமிடம் எவ்வளவோ நேர்மையான பரிந்துரை.

பட்டையையும் பயிற்சியையும் இணைப்பதன் தருக்கம் பின்வரும் இரண்டு உண்மைகளுக்கு இடையில் கிடக்கிறது. பயிற்சி ஒரு நாளில் சில நிமிடங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. தோரணை என்பதோ விழித்திருக்கும் பதினாறு மணி நேரமும் தொடரும் பழக்கம். இந்த இடைவெளியில் பட்டை நினைவூட்டியாகச் செயல்படுகிறது. தோள்பட்டைகளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து நிமிர்ந்த நிலையில் ஒட்டிய பட்டை, தோள் மீண்டும் முன்னால் உருளும்போது தோலைச் சற்றே இழுக்கிறது. தோலிலுள்ள உணர்வு நரம்புகள் அச்செய்தியைக் கொண்டுசெல்ல, உடையவர் தம்மையறியாமலோ அறிந்தோ நிமிர்கிறார். அப்படி நிமிரும் தசைக்குப் போதிய வலு இல்லையென்றால் நினைவூட்டல் வீண். வலு இருந்தும் நினைவில்லையென்றால் பயிற்சி பாயோடு நின்றுவிடும். கொரியா, ஈரான், துருக்கி, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பட்டையும் பயிற்சியும் சேர்ந்த முறையைச் சோதித்த ஆய்வுகள் பல வந்துள்ளன. அவற்றில் பல சிறு குழுக்களை, அதுவும் இளவயதினரை, சில வாரங்களே பின்தொடர்ந்தவை. சேர்ந்த முறையில் கிடைக்கும் பயனில் பெரும்பங்கு பயிற்சியுடையது என்று கொள்வதே அவற்றை வாசிக்கும் பாதுகாப்பான வழி. ஆகவே பட்டையை மதிப்பிட வேண்டிய கேள்வி அது தோளை நிமிர்த்துகிறதா என்பதன்று, பயிற்சியைத் தொடங்கியவர் மூன்றாம் வாரத்திலும் அதைச் செய்துகொண்டிருக்க அது உதவுகிறதா என்பதே. ஆய்வுகள் பெரும்பாலும் கோணங்களை அளந்துவிட்டு இதை அளக்காமல் விட்டது விந்தைதான்.

நடைமுறையில் முறை எளிது. தோலைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரமும் எண்ணெயும் போகத் துடைத்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு துண்டுகளை வெட்டி, முனை சுருண்டு உரியாதிருக்க மூலைகளை வட்டமாகக் கத்தரிக்க வேண்டும். தோளின் முன்புறத்தில் முனையை இழுக்காமல் ஒட்டி, தோளைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி, நடுப்பகுதியை அதன் நீட்சியில் கால்பங்கு முதல் பாதி வரை இழுத்துத் தோள்மேலாகக் கொண்டுசென்று, நடுமுதுகில் தண்டெலும்பருகே மறுமுனையை மீண்டும் இழுக்காமல் முடித்து, பசை பிடிக்கக் கையால் தேய்த்துச் சூடேற்றுவர். முனைகளை இழுத்து ஒட்டுவதே கொப்புளம் வருவதற்கு முதற்காரணம். மூன்று முதல் ஐந்து நாளில் எடுத்துவிடலாம். எடுக்கும்போது ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மயிர் வளரும் திசையில் மெல்ல உரிப்பது நல்லது. 5 மீட்டர் நீளமுள்ள வழக்கமான சுருள் இக்கணக்கில் எட்டு முறைக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு வரும். முதல் இரு வாரம் தொடர்ந்தும், அடுத்த இரு வாரம் வேலை கடினமான நாள்களில் மட்டுமாகவும் ஒட்டி, பின்னர் நிறுத்திவிடுவது தக்கது. நினைவூட்டல் நிரந்தரமானால் அது நினைவூட்டலாக இராது, தோல் அதற்குப் பழகிவிடும்.

ஆனால் ஆய்வுக்கூடத்தின் குளிரூட்டிய அறை வேறு, முற்பகல் பத்து மணிக்குச் செம்பனை மரத்தடி வேறு. வட சிலாங்கூர்க் கரையோரத்தின் வெப்பமும் ஈரப்பதமும், நீண்ட கைச் சட்டைக்குள் ஊறும் வியர்வையும் பசையின் ஆயுளைக் குறைத்துவிடும். வேலைக்குப் புறப்படும் நேரத்தில் ஒட்டினால் பசை பிடிக்குமுன் வியர்த்துவிடும். மாலையில் குளித்துத் துவட்டிய பின் ஒட்டி இரவு முழுதும் பிடிக்கவிடுவதே இங்கு பொருந்தும். உதிர்ந்த பட்டையை விட ஆபத்தானது அடியில் புண்ணான தோல். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோயுற்ற நிலை ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு என்றும் கணித்தது. நீரிழிவால் உணர்வு மங்கிய, ஆற மறுக்கும் தோலில் பட்டையின் அரிப்பும் கொப்புளமும் காலந்தாழ்ந்தே தெரியவரும். முதன்முறை ஒட்டுமுன் முன்கையில் சிறு துண்டை ஒரு நாள் ஒட்டிப் பார்ப்பதும், திறந்த புண், தோல் தொற்று, இரத்தக்கட்டி, புற்றுநோய் உள்ள இடங்களில் ஒட்டாதிருப்பதும் கட்டாயம்.

நீரிழிவு மற்றொரு வழியிலும் இக்கதைக்குள் வருகிறது. தோள் மூட்டுறை தடித்து இறுகிக் கை எத்திசையிலும் முழுதாக உயராமல் போகும் உறைதோள் என்னும் நிலை நீரிழிவு உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகம். தலைவார, சட்டை மாட்ட, முதுகில் சோப்புப் போட முடியவில்லை என்று வரும் ஐம்பது வயதினருக்குத் தோரணைக் கோளாறு என்று பெயரிட்டுப் பட்டை ஒட்டினால், உறைதோளின் நெடிய சிகிச்சைக்கான மாதங்கள் வீணாகும். பிறர் தூக்கிவிட்டாலும் கை உயரவில்லையென்றால் அது தசை வலுவின் சிக்கலன்று என்பது எளிய பிரிப்புக் குறி. கைவிரல் மரத்துப்போவது, பிடி நழுவுவது, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை இருப்பவர்களும் பட்டைக்குமுன் மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள். மலேசியாவில் இயன்முறை மருத்துவர்களின் தொழிலை 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர் சட்டம் முறைப்படுத்துகிறது. விளையாட்டுப் பொருள் கடையில் பட்டை விற்பதை அது தடுப்பதில்லை என்பதால் இந்தப் பிரித்தறிதல் பெரும்பாலும் வாங்குபவரின் பொறுப்பாகவே நின்றுவிடுகிறது.

தோரணைக்கும் வலிக்கும் உள்ள உறவும் பொதுமக்கள் நம்பும் அளவு நேரானதன்று. 2019-இல் ஜோஸ்ப்ட் என்று சுருக்கமாக வழங்கும் எலும்பு மூட்டு, விளையாட்டு இயன்முறை இதழில் வந்த கருத்துக் கட்டுரை, எல்லோருக்கும் பொதுவான ஒரே சரியான தோரணை உண்டு என்பதற்குச் சான்றில்லை என்றும், நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பதைத் தவிர்த்து அசைந்துகொண்டிருப்பதே முதன்மை என்றும் வாதிட்டது. இளையோரின் கைப்பேசிக் கழுத்தைப் பற்றிய அச்சமும் இந்த வெளிச்சத்தில் சற்றுத் தணிய வேண்டும். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் 27 கிலோ அளவுக்குச் சுமை விழுகிறது என்று நாளிதழ்களில் சுற்றும் கணக்கு 2014-இல் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரியால் கணித்தது. உயிருள்ள கழுத்துகளில் அளந்து கண்டதன்று. செம்பனை வெட்டுபவரின் நிலைமை இவர்களிலிருந்து வேறு. அவருடைய கழுத்துச் சுமை கணிப்பு அன்று, நாள்தோறும் கையால் இழுக்கும் அரிவாளின் எதிர்விசை.

எனவே அவருக்கான திருத்தப் பயிற்சி கருவியையும் சேர்த்தே தொடங்க வேண்டும். மரத்தின் உயரத்திற்கேற்பக் கம்பத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து மரத்திலிருந்து தள்ளி நின்றால் கழுத்து பின்வளையும் கோணம் குறையும். அரிவாளைத் தீட்டி வைத்தால் ஒரு குலைக்கு இழுக்க வேண்டிய விசை குறையும். இவ்விரண்டும் எந்தப் பட்டையையும் விடப் பயன் மிக்கவை, செலவும் இல்லாதவை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய கேன்டாஸ் என்னும் இயந்திர வெட்டுக் கருவி உயரம் குறைந்த மரங்களில் இழுக்கும் விசையைப் போக்கினாலும், இயந்திரத்தின் எடையையும் அதிர்வையும் கைகளுக்குத் தந்துவிடுகிறது. வேலையிடப் பணிச்சூழலியல் இடர்களை மதிப்பிட தொழில் பாதுகாப்பு, உடல்நலத் துறை 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி தலைக்கு மேல் கை உயர்த்திச் செய்யும் வேலையையும் கழுத்து வளைவையும் இடராகப் பட்டியலிடுகிறது. இன்று வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அரிவாளைப் பிடித்திருப்போரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 2019 சனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்க்கெசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பணிக் காயக் காப்பீட்டுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளனர். பெர்க்கெசோ மலாக்காவில் நடத்தும் மறுவாழ்வு மையம் காயமுற்றவரை வேலைக்குத் திருப்பும் நோக்கமுடையது. ஆனால் மெல்ல வளரும் தோள் இறுக்கம் காயம் என்று எழுதப்படுவது அரிது. விழுந்த குலை தோளில் பட்டால் அது விபத்து. நாற்பதாயிரம் குலைகளை இழுத்த தோள் இறுகினால் அது வயது.

அன்றாடப் பயிற்சியையும் வேலையின் இடையிலேயே வைக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் தள்ளுவண்டியின் மேல் அமர்ந்து, கைகளைப் பிடரியில் கோத்து, மேல்முதுகைப் பின்வளைத்துப் பத்து மூச்சு விடுவது அண்ணாந்து வெட்டும் மேற்கழுத்துக்குச் செய்யும் முதல் உதவி. வாசற்காலின் இருபுறமும் முன்கைகளை வைத்து ஒரு காலை முன்வைத்து நெஞ்சைத் திறப்பதும், முகவாயை இரட்டைத் தாடை தெரியும்படி உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துவதும், சுவரில் கை ஊன்றி முழங்கை நீண்ட நிலையிலேயே முதுகைச் சுவரைவிட்டுத் தள்ளி விலா எலும்போடு தோள்பட்டையை ஒட்டவைப்பதும் வீட்டில். இரப்பர்ப் பட்டை இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டிச் சன்னல் கம்பியில் கட்டி இழுக்கலாம். அதற்கும் இரண்டு நிமிடம்தான்.

இம்முறைக்கு வெளியே நிற்போரும் உண்டு. இரப்பர் நிரையில் முப்பது ஆண்டு குனிந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பின் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்த மூத்த பெண்களின் கூன் பெரும்பாலும் தசைக் கூன் அன்று. மாதவிடாய் நின்றபின் எலும்பு நலிந்து, முதுகெலும்பின் முன்விளிம்பு நசுங்கி ஆப்பு வடிவம் கொண்டதால் ஏற்பட்ட கூனைப் பட்டை நிமிர்த்தாது. முன்வளையும் பயிற்சிகள் அங்கே கூடுதல் நசுக்கத்தையும் தரலாம். சுவர்ச் சோதனையில் பின்தலை நான்கு விரற்கடைக்கு மேல் விலகி நிற்பவரும், ஓரிரண்டு அங்குலம் உயரம் குறைந்தவரும், திடீர் முதுகுவலி வந்து ஓய்ந்த வரலாறு உள்ளவரும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு உரிய பயிற்சி முதுகைப் பின்வளைக்கும் தசைகளை மெல்ல வலுப்படுத்துவதும் விழாமல் நடக்கச் சமநிலை பழகுவதுமாகும். மருந்து, கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்திச் சோதனை ஆகியவை மருத்துவர் முடிவுக்குரியவை. நெகிழ்பட்டையை அவர்களுடைய மெல்லிய தோலில் ஒட்டுவதால் கிடைக்கும் பயன், உரிக்கும்போது கிழியும் தோலுக்கு ஈடாகாது.